இரண்டரை ஜிபி பிக்ஃபுட் டிஸ்கை நானூறு எம்பி என்கிறது பயாஸ்: இதில் டாஸையும் லினக்ஸையும் சேர்த்து நிறுவ முடியுமா?

மாசிவீதி அச்சகம்:

வணக்கம். மதுரை மேல மாசி வீதியை ஒட்டிய சந்தொன்றில் அப்பா நடத்திவந்த அச்சகத்தில், 1995இல் வாங்கிய 486 டிஎக்ஸ்4 கணினி ஒன்று இன்றும் தினமும் காலையில் உயிர்பெறுகிறது. பத்திரிகை அடித்த பார்ட்டிகளின் பாக்கிக் கணக்கு முழுவதும் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள நிரலில் இருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பேஜ்மேக்கர் கோப்புகளும் அதே 420 எம்பி டிஸ்கில்தான் இருக்கின்றன. ஒரு மாதமாக அந்த டிஸ்க் எழும்போது கரகரவென்று ஓசை கேட்கிறது. அப்பாவோ அந்தக் கணக்கை வேறு எதிலும் பார்க்கச் சம்மதிக்கவில்லை. ஆகவே கணினியை மாற்றாமல் டிஸ்கை மட்டும் மாற்றலாம் என்று நினைத்தேன்.

கப்பலூரில் ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் கழித்துப்போட்ட கணினியிலிருந்து, மாமா ஒருவர் மூலம் ஒரு ஹார்டு டிஸ்க் கிடைத்தது. க்வாண்டம் நிறுவனத்தின் பிக்ஃபுட், 2.5 ஜிபி. சாதாரண மூன்றரை அங்குல டிஸ்க் அல்ல. ஐந்தேகால் அங்குல அகலத்தில், சிடி டிரைவின் இடத்தில் பொருத்த வேண்டிய தட்டையான பலகை போல இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் அதை டிவிடி பிளேயர் என்றே நினைத்துவிட்டார்கள். அதில் இருந்த மில் கணக்குகள் வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டதால் தாராளமாக அழிக்கலாம்.

எம்எஸ்-டாஸ் 6.22ஐயும், 16 எம்பி நினைவகத்தில் ஓடக்கூடிய பழைய லினக்ஸ் ஒன்றையும் இதில் நிறுவ வேண்டும் என்பது என் திட்டம். அப்பாவுக்கு டாஸ், கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஐஎஸ்ஏ நெட்வொர்க் கார்டு வழியாக ஒவ்வொரு நாளும் கோப்புகளை என் மடிக்கணினிக்கு எடுத்துக்கொள்ள எனக்கு லினக்ஸ். ஆனால் டிஸ்கை மாட்டிவிட்டு பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் நிரல்) தானியங்கிக் கண்டறிதலை ஓடவிட்டால், 2.5 ஜிபிக்குப் பதிலாக நானூற்றுச் சொச்சம் எம்பி என்றுதான் காட்டுகிறது. கடையில் கேட்டபோது, டிஸ்க் போய்விட்டது, பயாஸ் மெனுவிலேயே லோ லெவல் ஃபார்மேட் இருக்கிறது, அதைச் செய்து பாருங்கள் என்றார்கள். இது உண்மையிலேயே பழுதா, அந்த ஃபார்மேட்டைச் செய்யலாமா, இரண்டு இயங்குதளங்களையும் எந்த வரிசையில் நிறுவ வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மேலூர் வாத்தியார்:

தம்பி, அந்த ஃபார்மேட் மெனுவின் பக்கமே போகாதீர்கள். அது எம்எஃப்எம் காலத்து (கன்ட்ரோலர் தனிக் கார்டில் இருந்த பழைய வகை) டிஸ்குகளுக்காக வைத்தது. சீகேட் எஸ்டி-225 போன்ற 20 எம்பி டிஸ்குகளில், 615 சிலிண்டர், 4 ஹெட், ஒரு தடத்துக்கு 17 செக்டர் என்று கணக்குச் சொல்லி (ஹெட் என்பது படிக்கும் முனை, சிலிண்டர் என்பது எல்லா ஹெட்டுகளுக்கும் அடியில் ஒரே நேரத்தில் வரும் தடங்களின் தொகுதி, செக்டர் என்பது தடத்தின் ஒரு துண்டு), தடங்களை நாமே எழுதிக்கொள்வோம். எங்கள் ஆய்வகத்தில் டீபக்கைத் திறந்து கன்ட்ரோலர் கார்டின் ரோமுக்குத் தாவி அதைச் செய்தது எனக்கு இன்னும் கைப்பழக்கம். உங்களுடையதைப் போல கன்ட்ரோலரைத் தன்னுள்ளேயே கொண்ட ஐடிஇ டிஸ்கில் தடங்களைக் காட்டும் அடையாளங்கள் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. பயாஸால் அவற்றைத் திரும்ப எழுத முடியாது.

உங்கள் டிஸ்க் பழுதாகவும் இல்லை. ஐடிஇ டிஸ்க் தன்னைப் பற்றி பயாஸிடம் சொல்லும்போது 16 ஹெட், 63 செக்டர் என்ற அச்சில் சொல்கிறது. ஒரு செக்டர் 512 பைட் என்பதால், ஒரு சிலிண்டருக்கு 5,16,096 பைட் வருகிறது. 2.5 ஜிபியை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 4,900 சிலிண்டர். உங்கள் காலத்துப் பல பயாஸ்கள் சிலிண்டர் எண்ணுக்குப் பன்னிரண்டு பிட் மட்டுமே ஒதுக்கியிருந்தன; அதில் 4,095க்கு மேல் எழுத இடமில்லை. 4,900 என்று டிஸ்க் சொன்னதும், கிலோமீட்டர் மீட்டர் முழுச் சுற்றுச் சுற்றிப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதுபோல, 4,096 கழிந்து எஞ்சிய 800 சொச்சத்தை மட்டும் உங்கள் பயாஸ் பிடித்துக்கொண்டிருக்கிறது. 800ஐ 5,16,096ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் நானூற்றுச் சொச்சம் எம்பி வந்துவிடும். சில பயாஸ்கள் இதே இடத்தில் உறைந்து நின்றுவிடும். உங்களுடையது ஏதோ ஓர் எண்ணையாவது சொல்கிறதே என்று ஆறுதல் கொள்ளுங்கள்.

ஆகவே தானியங்கிக் கண்டறிதலை விட்டுவிட்டு, பயனர் வகை என்பதைத் தேர்ந்து, சிலிண்டர் 4095, ஹெட் 16, செக்டர் 63 என்று கையால் எழுதி, முறை என்ற கட்டத்தில் எல்பிஏ (செக்டர்களைத் தொடர் எண்ணால் அழைக்கும் முறை) என்று வையுங்கள். இப்போது பயாஸ் டிஸ்கின் முதல் 2.1 ஜிபியை ஒழுங்காகப் பார்க்கும். வால் பகுதி அதன் கண்ணில் படாது. டாஸுக்கு அது தேவையுமில்லை. லினக்ஸின் மையநிரலான கெர்னலோ எழுந்தபிறகு பயாஸைக் கேட்பதில்லை. டிஸ்கிடம் நேரடியாகவே அளவைக் கேட்டுக்கொள்கிறது, அதனால் அந்த வாலையும் அது பயன்படுத்தும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. டாஸ் பேசும் பழைய பயாஸ் அழைப்பில் சிலிண்டர் எண்ணுக்குப் பத்து பிட்தான், அதாவது 1,024 வரை. அதற்குள் அடக்குவதற்காக, எல்பிஏ முறையில் பயாஸ் சிலிண்டரை நான்கால் வகுத்து ஹெட்டை நான்கால் பெருக்கி, 64 ஹெட் இருப்பதுபோல டாஸிடம் சொல்கிறது. பார்ட்டிஷன் பட்டியலில் இந்த 64 ஹெட் கணக்கே பதிவாகும். இதே டிஸ்கைப் பின்னாளில் முழு 2.5 ஜிபியையும் பார்க்கத் தெரிந்த வேறு கணினியில் மாட்டினால், அந்த பயாஸ் 128 ஹெட் என்று கணக்குப் போடும், டாஸ் எழாது. எந்தக் கணக்கில் பார்ட்டிஷன் போட்டீர்களோ அதே கணக்கில்தான் கடைசிவரை ஓட்ட வேண்டும். இரண்டு இயங்குதளம் வைப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. பயாஸ், டாஸ், லினக்ஸ் மூன்றும் ஒரே வாய்ப்பாட்டைப் படிக்கும்படி பார்த்துக்கொள்வதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

வரிசை: முதலில் டாஸின் எஃப்டிஸ்கால் 500 எம்பிக்கு ஒரு முதன்மைப் பார்ட்டிஷன் மட்டும் போடுங்கள். டாஸின் கோப்பு முறையான ஃபேட்16இல் 2 ஜிபி வரை போடலாமே என்று ஆசைப்பட வேண்டாம். 1 ஜிபிக்கு மேல் போனால் ஒவ்வொரு கிளஸ்டரும் (ஒரு கோப்புக்கு ஒதுக்கும் மிகச்சிறிய துண்டு) 32 கேபி ஆகிவிடும், அப்பாவின் இரண்டு கேபி கடிதமும் 32 கேபியை அடைத்துக்கொள்ளும். 512 எம்பிக்குள் நின்றால் 8 கேபிதான். அதன்பின் லினக்ஸின் எஃப்டிஸ்கைத் திறந்ததும் தலைப்பில் எத்தனை ஹெட் என்று காட்டுகிறது என்பதைப் பாருங்கள். 64 என்று இருந்தால் தொடருங்கள். 16 என்று இருந்தால் அதன் நிபுணர் மெனுவுக்குள் போய் ஹெட் எண்ணை 64 என்று மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கெர்னலை வைக்க 16 எம்பி அளவில் பூட் பார்ட்டிஷன், அடுத்து நினைவகம் போதாதபோது உதவும் 48 எம்பி ஸ்வாப், மீதி முழுவதும் லினக்ஸின் கோப்புகளுக்கான ரூட். ரூட் பார்ட்டிஷன் 1,024ஆவது சிலிண்டரைத் தாண்டிப் போகலாம், கெர்னல் இருக்கும் பூட் பார்ட்டிஷன் தாண்டக்கூடாது. லினக்ஸை எழுப்பும் நிரலான லிலோவை எம்பிஆரில் (டிஸ்கின் முதல் செக்டர்) எழுதாமல் அந்தச் சிறிய பூட் பார்ட்டிஷனின் தலையில் எழுதி, அதை ஆக்டிவ் (கணினி எழும் பார்ட்டிஷன்) ஆக்குங்கள். ஏதாவது கெட்டால், டாஸ் பிளாப்பியில் எழுந்து டாஸ் பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்கினால் போதும், அப்பாவின் கணக்கு திரும்பிவிடும்.

இன்னொன்று, இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. கரகரக்கும் 420 எம்பி டிஸ்கை இன்றே கழற்றி, தனி மின்சார அடாப்டரோடு வரும் ஐடிஇ-யுஎஸ்பி இணைப்பியில் மாட்டி, மடிக்கணினியில் லினக்ஸ் வைத்து, படிக்க முடியாத இடங்களைத் தாண்டி நகலெடுக்கும் டிடிரெஸ்கியூ நிரலால் முழு நகல் எடுத்துவிடுங்கள். மடிக்கணினி டிஸ்குக்கான சின்ன இணைப்பி 5 வோல்ட் மட்டுமே தரும். இந்த டிஸ்குகளுக்கு 12 வோல்ட்டும் வேண்டும்.

திருமங்கலத்தான்:

வாத்தியார் ஐயா சொன்ன கணக்கு முழுவதும் சரி. லிலோ மட்டும் இந்த வீட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. லிலோ கெர்னலைக் கோப்பின் பெயரால் தேடுவதில்லை; நிறுவும்போது கெர்னல் டிஸ்கின் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, எழும்போது அந்த இடங்களைத் தரும்படி பயாஸையே கேட்கிறது. கணக்கில் கொஞ்சம் பிசகினாலும் திரையில் 'எல்ஐ' என்ற இரண்டு எழுத்தோடு நின்றுவிடும். காலையில் கடை திறக்கும் பெரியவர் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

லோட்லின் என்ற சிறிய டாஸ் நிரல் ஒன்று உண்டு. லினக்ஸ் கெர்னலை டாஸ் பார்ட்டிஷனிலேயே ஒரு சாதாரணக் கோப்பாக வைத்துவிட்டால், லோட்லின் அதை நினைவகத்தில் ஏற்றி, டாஸை வெளியே தள்ளிவிட்டு லினக்ஸை நடத்திவிடும். எம்பிஆரும் ஆக்டிவ் பார்ட்டிஷனும் டாஸுடையவையாகவே இருக்கும், தனியே பூட் பார்ட்டிஷனும் தேவையில்லை. எம்எஸ்-டாஸ் 6இல் கான்ஃபிக்.சிஸ் கோப்புக்குள்ளேயே மெனு வைக்க முடியும் என்பதால், 'கணக்கு', 'லினக்ஸ்' என்று இரண்டு வரி எழுதி, ஐந்து விநாடி யாரும் எதையும் அழுத்தாவிட்டால் 'கணக்கு' தானாகத் தொடங்கும்படி அமைத்துவிடலாம். 'லினக்ஸ்' பிரிவில் ஷெல் என்ற வரியில் கமாண்ட்.காமுக்குப் பதிலாக லோட்லினையே குறிப்பிடுங்கள். அந்தப் பிரிவில் இஎம்எம்386, ஸ்மார்ட்டிரைவ் போன்ற டாஸ் துணைநிரல்கள் எதையும் ஏற்றாதீர்கள். வெறும் டாஸிலிருந்து கிளம்பும்போதுதான் லோட்லின் சண்டை போடாது. நான் இந்த முறையில் மூன்று பழைய கணினிகளை ஓட்டியிருக்கிறேன், ஒன்றில்கூட பூட்டுக்காகப் பிளாப்பியைத் தேட நேரவில்லை.

டிஸ்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மற்ற நிறுவனங்கள் மூன்றரை அங்குலத்துக்கு மாறி வெகுகாலம் ஆனபிறகு, 1996இல், தட்டை அகலமாக்கினால் குறைந்த தட்டுகளிலும் குறைந்த ஹெட்டுகளிலும் அதே கொள்ளளவை மலிவாகத் தரலாம் என்ற கணக்கில் க்வாண்டம் செய்தது இந்த பிக்ஃபுட். சுழற்சி நிமிடத்துக்கு 3,600தான். ஒரு சுற்றுக்கு 16.7 மில்லி விநாடி ஆகிறது, அதாவது தேடும் செக்டர் ஹெட்டுக்கு அடியில் வந்துசேர சராசரியாக 8.3 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். 5,400 சுற்று டிஸ்கில் அது 5.6தான். டாஸில் இந்த வேறுபாடு தெரியாது. 16 எம்பி நினைவகத்தில் லினக்ஸ் ஸ்வாப்புக்குப் போகத் தொடங்கினால் நன்றாகவே தெரியும். ஆகையால் எக்ஸ் விண்டோஸ் போன்றவற்றை நிறுவாமல், கட்டளை வரியும் எஃப்டிபியும் மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடிப்பக்கம் சர்க்யூட் பலகை திறந்தபடி இருக்கும், மேசையில் வைத்துச் சோதிக்கும்போது கேபினெட் தகரத்தின் மேல் வைத்துவிடாதீர்கள். பின்னால் உள்ள ஜம்பர் மாஸ்டரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அனுப்பானடி:

இருவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும், கோப்பை மடிக்கணினிக்கு அனுப்ப மட்டும்தான் லினக்ஸ் என்றால், லினக்ஸே தேவையில்லை. டாஸுக்கு எம்டிசிபி என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. நெட்வொர்க் கார்டின் பாக்கெட் டிரைவரை (கார்டை இயக்கும் டாஸ் நிரல்) ஏற்றிவிட்டு அதில் உள்ள எஃப்டிபி சர்வரை ஓட்டினால் வேலை முடிந்தது. முழு 2.5 ஜிபியும் பயாஸுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், அந்த நெட்வொர்க் கார்டில் பூட் ரோமுக்கு ஒரு காலிச் சாக்கெட் இருக்கும். எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்ற திறமூல நிரலை 8 கேபி ஈப்ராம் (நிரலை எழுதிவைக்கும் நினைவகச் சில்லு) ஒன்றில் எழுதி அதில் செருகிவிடலாம். ஈப்ராம் எழுதும் கருவி உங்களிடம் இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவில் எழுதித் தருவார்கள் என்றுதான் நினைக்கிறேன், நான் சொந்தக் கருவியில் எழுதிக்கொண்டேன். ஆனால் ஒன்று, அது வேறு ஹெட் கணக்குப் போடக்கூடும். ஆகவே அதைச் செருகுவதாக இருந்தால் பார்ட்டிஷன் போடுவதற்கு முன்பே செருகுங்கள்.

மாசிவீதி அச்சகம்:

மூவருக்கும் நன்றி. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் நாள் மாலையே 420 எம்பி டிஸ்கை நகல் எடுத்துவிட்டேன். நான்கு செக்டர் மட்டும் படிக்க முடியவில்லை. அவை எந்தக் கோப்பில் விழுந்தன என்று தேடிப் பார்த்ததில், விண்டோஸின் சீட்டாட்ட நிரல் என்று தெரிந்தது. அப்பா அதை ஒரு நாளும் திறந்ததில்லை என்று சொல்கிறார், நம்புகிறேன்.

பிறகு 4095, 16, 63, எல்பிஏ என்று எழுதினேன். டாஸின் எஃப்டிஸ்க் 2,010 எம்பிக்கு மேல் காட்டியது, கடைக்காரர் போய்விட்டதாகச் சொன்ன டிஸ்குதான் இது. 500 எம்பி டாஸுக்கு. லினக்ஸ் எஃப்டிஸ்கின் தலைப்பில் 64 ஹெட் என்றே இருந்தது; 48 எம்பி ஸ்வாப்பும் மீதியில் ரூட்டுமாகப் போட்டேன். திருமங்கலத்து அண்ணன் சொன்ன லோட்லின் வழியைத்தான் பிடித்தேன், மெனுவில் 'கணக்கு' ஐந்து விநாடியில் தானே கிளம்புகிறது. லினக்ஸ் வேண்டாம் என்ற யோசனையை அலட்சியப்படுத்தவில்லை, எம்டிசிபியும் வைத்திருக்கிறேன். ஆனால் ராத்திரி தானாகவே கோப்புகளை நகலெடுத்து அனுப்பும்படி சின்ன நிரல் எழுதிவைக்க எனக்கு லினக்ஸ்தான் கைக்கு வாகாக இருக்கிறது.

இதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. நேற்று எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக நாள் முழுவதும் மின்தடை. இன்று காலை அப்பா கணினியைப் போட்டால், 'ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்' என்ற வரி வந்து, அதற்கு மேல் நகரவில்லை. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் தேதி பழைய தேதிக்குப் போயிருக்கிறது, டிஸ்க் மறுபடியும் தானியங்கிக்கு மாறி நானூற்றுச் சொச்சத்தில் நிற்கிறது. எண்களைத் திரும்ப எழுதியதும் ஒழுங்காக எழுந்துவிட்டது. பேட்டரி போய்விட்டது என்பது புரிகிறது. புரியாதது ஒன்றுதான்: கணக்கு தவறாக இருந்தால் டாஸ் அறவே எழுந்திருக்கக்கூடாதே, அந்த ஒரு வரி மட்டும் எப்படி வந்தது?

மேலூர் வாத்தியார்:

நல்ல கேள்வி. செக்டர் எண் இரண்டு கணக்கிலும் 63தான். வேறுபடுவது ஹெட் மட்டும். டிஸ்கின் தொடக்கத்தில் உள்ள முதல் 16 தடங்களுக்கு, 64 ஹெட் கணக்கிலும் 16 ஹெட் கணக்கிலும் ஒரே முகவரிதான் வரும். எம்பிஆர், டாஸ் பூட் செக்டர், ஃபேட் அட்டவணை, டாஸின் தொடக்கக் கோப்பான ஐஓ.சிஸ் ஆகியவை உங்கள் 500 எம்பி பார்ட்டிஷனில் ஏறத்தாழ அந்த முதல் 16 தடங்களுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அந்த வரியைத் திரையில் எழுதுவது ஐஓ.சிஸ். அதைத் தாண்டி டாஸ் பதினேழாவது ஹெட்டைக் கேட்டதும், அப்படி ஒரு ஹெட்டே இல்லை என்று பயாஸ் கைவிரித்துவிடுகிறது. வாசல்வரை வழி சரியாகச் சொல்லிவிட்டு, உள்ளே எந்த அறை என்று கேட்டால் விழிப்பதுபோல.

அதைவிட முக்கியமாக, இப்போதே கேபினெட்டைத் திறந்து மதர்போர்டைப் பாருங்கள். கீபோர்டு செருகும் இடத்துக்கு அருகில் நீல நிறத்தில், சுண்டுவிரல் பருமனில், உருளையாக பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருந்தால் அது நிக்கல்-காட்மியம். அதைச் சுற்றிப் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், கசிந்த காரம் செம்புத் தடங்களைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் சுத்தம் செய்து நன்றாகக் காயவிடுங்கள். வெளிப் பேட்டரிக்கென்று நான்கு முள் இணைப்பு அநேகமாகப் பக்கத்திலேயே இருக்கும்.

மாசிவீதி அச்சகம்:

ஐயா, நீங்கள் சொன்ன அதே நீல உருளை. அடியில் துத்தம் போலப் பச்சை படிந்திருந்தது, நல்ல வேளையாக ஒரு தடமும் அறுபடவில்லை. வெட்டி எடுத்துத் துடைத்துவிட்டேன். நான்கு முள் இணைப்பில் மூன்று பென்சில் பேட்டரிகள் கொண்ட பெட்டியை மாட்டி, அதைக் கணினிக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறேன். இனிக் கசிந்தாலும் மதர்போர்டின் மேல் கசியாது. மாற்றிய பேட்டரியும் ஒரு நாள் தீரும் என்பதால், மீந்துபோன பத்திரிகை அட்டை ஒன்றின் பின்புறத்தில் 4095, 16, 63 என்று பெரிய எழுத்தில் எழுதி, கேபினெட் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டேன்.

மேலூர் வாத்தியார்:

அந்த அட்டையில் எல்பிஏ என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூன்று எண்ணும் சரியாக இருந்து முறை மட்டும் நார்மல் என்று நின்றாலும், இன்று காலை பார்த்த அதே வரியில்தான் வந்து நிற்கும்.